திண்ணையும் தெருவும்

நம்முடைய பழைய வீடுகளில் தெருவைப் பார்த்தாற்போல் ஒரு திண்ணை இருக்கும். வீட்டுக்காரர் தமது மனையில், தமது செலவில் கட்டியது அது. மெழுகிக் கோலமிடுவதும் அந்த வீட்டாரே. ஆனால் அதில் உட்காருகிறவர் யார்? வெயிலுக்கு ஒதுங்கும் வழிப்போக்கர், கூடையை இறக்கி வைக்கும் வளையற்காரர், ஓர் இரவு தங்கிப் போகும் யாத்திரிகர். தம்முடைய நிலத்தில் இரண்டு முழத்தைத் தெருவில் போகிறவர்களுக்கென்று விட்டு வைத்தார்கள். அதற்காக எந்தக் கச்சேரியிலும் மனுப் போட்டதில்லை. அனுமதிச் சீட்டு வாங்கியதுமில்லை.

இந்த வழக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். கடைக்காரர் ஒருவர் தெருவிலே இரண்டு முழத்தைத் தமக்கென்று எடுத்துக் கொண்டு, அங்கே நாலு மேஜையும் எட்டு நாற்காலியும் போட்டுச் சாப்பாடு பரிமாறுகிறார். நிலம் வழிப்போக்கருடையது, அநுபவிக்கிறவர் கடைக்காரர். மேல்நாட்டு நகரங்களில் இது வெகுநாளாக உள்ள வழக்கம். அங்கே இதற்கு அனுமதிச் சீட்டு அவசியம். அந்தச் சீட்டை யார் கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு காலத்துக்குக் கொடுப்பது என்ற கேள்விகள் நியூயார்க் நகரத்தைச் சில வருஷங்களாக ஆட்டி வைத்திருக்கின்றன. விஷயம் நாற்காலியைப் பற்றியதுதான் என்றாலும், அதைத் தொடர்ந்து போனால் தெரு யாருக்குச் சொந்தம் என்ற பெரிய கேள்வியில் வந்து நிற்கிறோம். ஆகையால் இந்த வாரம் அந்தக் கதையைச் சொல்ல எண்ணுகிறேன்.

நியூயார்க் நகரில் நடைபாதை சம்பந்தமாக ஒரு விசித்திரமான ஏற்பாடு உண்டு. கட்டடத்துக்கு முன்னால் உள்ள நடைபாதை பழுதானால் அதைச் சீர் செய்ய வேண்டியவர் பெரும்பாலும் அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரரே. குளிர் காலத்தில் பனி கொட்டினால் அதை வாரித் தள்ள வேண்டியவரும் அவரே. ஆயினும் நடைபாதை அவருடைய சொத்து ஆகாது. அது பொது ஜனங்களுடையது. அதில் ஒரு முக்காலி போடுவதானாலும் நகர நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்துக்குச் சட்டத்தில் வழங்கும் பெயர் மிகவும் அழகானது: "திரும்பப் பெறத்தக்க சம்மதம்." கொடுத்தோம், ஆனால் தானமாகக் கொடுக்கவில்லை, வேண்டும்போது வாங்கிக் கொள்வோம் என்பது பொருள்.

2020-ம் வருஷத்துக்கு முன் இந்தச் சம்மதத்தைப் பெறுவது எளிதாக இருக்கவில்லை. வரைபடம் எழுதி மனுவுடன் சேர்க்க வேண்டும். வட்டார சபையார் பார்க்க வேண்டும். நகர சபையார் பார்க்க வேண்டும். இதில் மாதங்கள் ஓடிவிடும். கட்டணம் என்றும் வாடகை என்றும் ஆயிரக்கணக்கான டாலர்கள் கரையும். இவற்றையெல்லாம் தாண்டி வருவோம் என்று ஒருவர் துணிந்தாலும், நகரத்தின் பல பகுதிகளில் நடைபாதைச் சிற்றுண்டிச் சாலையே கூடாது என்று நில உபயோக விதிகள் தடுத்தன. ஆகவே இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட உணவு விடுதிகள் உள்ள அந்த மாநகரத்தில், வெளியே மேஜை போட அனுமதி பெற்றவை சுமார் ஆயிரத்துச் சொச்சந்தான். அவற்றிலும் மிகுதியானவை மன்ஹாட்டனில் இருந்தன. குவீன்ஸ், பிராங்க்ஸ் முதலிய பகுதிகளில் வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் நடத்தும் சிறு விடுதிகளுக்கு அது எட்டாத பழமாகவே இருந்தது.

அப்போது கொரோனா நோய் வந்தது.

2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் 16-ந் தேதி இரவு முதல் நியூயார்க்கில் எந்த விடுதியிலும் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று உத்தரவாயிற்று. பொட்டலம் கட்டிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். பாத்திரம் தேய்க்கிறவர், காய்கறி நறுக்குகிறவர், பரிமாறுகிறவர் ஆகிய லட்சக்கணக்கானவர்களின் பிழைப்பு ஒரே நாளில் நின்றது. அவர்களிற் பலர் கையில் ஒரு மாத வாடகைக்கு மேல் சேமிப்பில்லாதவர்கள்; பலர் வேற்று நாட்டிலிருந்து வந்து, சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்புகிறவர்கள். உள்ளே கூட்டம் கூடினால் நோய் பரவும். கூடாவிட்டால் அடுப்பு எரியாது. நடுவே ஒரு வழிதான் இருந்தது. திறந்த வெளியில் காற்றோட்டம் உண்டு. ஆதலால் ஆபத்து குறைவு. திறந்த வெளியோ, கடைக்கு எதிரே தெருவில்தான் இருந்தது.

ஜூன் மாதம் 18-ந் தேதி மேயர் பில் டி பிளாசியோ ஓர் ஏற்பாட்டை அறிவித்தார். 22-ந் தேதி அது அமலுக்கு வந்தது. விடுதிக்காரர் இணையத்தின் வாயிலாக ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்ய வேண்டியது, தம் கடைக்கு முன்னால் உள்ள இடம் இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம், விதிகளை அறிவேன், அவற்றுக்கு உட்பட்டு நடப்பேன் என்று தாமே உறுதி கூற வேண்டியது, உடனே அனுமதி. கட்டணம் கிடையாது. அதிகாரி வந்து பார்க்கும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. நடைபாதையில் மட்டுமல்ல, நடைபாதையை ஒட்டி மோட்டார் வண்டிகளை நிறுத்தி வைக்கும் தெருவோரத்திலும் மேஜை போடலாம் என்பது அதிலுள்ள புதுமை.

விதிகள் இல்லாமலில்லை. நடைபாதையில் நடக்கிறவர்களுக்கு எட்டு அடி அகலம் தடையின்றி விடவேண்டும். தெருவோரத்தில் எட்டு அடிக்கு மேல் நீளக் கூடாது. வண்டிகள் போகும் பக்கத்தில் மண் நிரப்பிய தொட்டிகளால் தடுப்பு வைக்க வேண்டும்; அது 18 அங்குலம் கனமும் 30 முதல் 36 அங்குலம் வரை உயரமும் உடையதாக இருக்க வேண்டும். தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்க்கு 15 அடிக்குள் ஒன்றும் வைக்கக் கூடாது. பஸ் நிற்கும் இடத்தை மறிக்கக் கூடாது. ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் அடிக்கோலை வைத்து அளந்து சரி பார்க்கக் கூடிய விதிகள் இவை. நல்ல விதிக்கு இதுவே இலக்கணம் என்பது என் அபிப்பிராயம்.

பலன் என்ன? ஆயிரத்துச் சொச்சமாக இருந்த வெளி விடுதிகள் சில மாதங்களில் பத்தாயிரத்துக்கு மேல் பெருகின. ஒரு மோட்டார் வண்டி சும்மா நிற்பதற்கு ஏறக்குறைய 20 அடி நீளமும் 8 அடி அகலமும் வேண்டும். அதே இடத்தில் எட்டுப் பேர் தாராளமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்; அந்த எட்டுப் பேருடைய இலைக்குப் பின்னால் உள்ளே இரண்டு மூன்று பேர் வேலை செய்து கூலி பெற்றார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் பேருடைய வேலை இதனால் காப்பாற்றப்பட்டது என்று நகர நிர்வாகம் கணக்குச் சொல்லிற்று. அந்தக் கணக்கில் கொஞ்சம் தள்ளுபடி செய்து கொண்டாலும் காரியம் பெரிதுதான்.

என் நண்பர் ஒருவர் கணித உபாத்தியாயர். இந்தச் செய்தியை அவரிடம் சொன்னபோது, "தெரு என்பது நடப்பதற்கா, தின்பதற்கா?" என்று கேட்டார்.

"மோட்டார் வண்டியை நிறுத்தி வைப்பதற்கா என்றும் சேர்த்துக் கேளுங்கள், ஸார்!" என்றேன்.

நண்பர் சற்று யோசித்தார். "நியாயந்தான். வண்டியை நிறுத்தி வைப்பவனும் தெருவைத் தன் சொந்தத்துக்குத்தான் எடுத்துக் கொள்கிறான். ஆனால் அவன் சாயங்காலம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். உம்முடைய கடைக்காரர் எடுப்பாரா?" என்றார்.

இந்தக் கேள்விதான் பின்னால் வினையாக முளைத்தது.

கோடை போய்க் குளிர் வந்தது. டிசம்பர் 14-ந் தேதி உள்ளே சாப்பிடுவது மறுபடியும் நிறுத்தப்பட்டது; 2021-ம் வருஷம் பிப்ரவரி 12-ந் தேதிதான் திரும்ப அனுமதித்தார்கள். நியூயார்க்கின் குளிரில் திறந்த வெளியில் உட்கார்ந்து சூப்புக் குடிப்பது சாமானிய காரியமல்ல. ஆகவே விடுதிக்காரர்கள் மேஜைக்கு மேல் ஒரு கூரை போட்டார்கள். கூரைக்கு ஒரு பக்கம் பலகைச் சுவர் வைத்தார்கள். பிறகு இரண்டாவது பக்கம், மூன்றாவது பக்கம். கடைசியில் நாலு பக்கமும் அடைத்து, கதவு வைத்து, ஜன்னலும் விளக்கும் கணப்பும் வைத்து, "இது திறந்த வெளி" என்று சொன்னார்கள்! காற்றோட்டத்துக்காக ஏற்பட்ட இடம் காற்றுப் புகாத அறையாக மாறிவிட்டது. ஒரு கோடைக்கென்று வாங்கிய சம்மதம் தெருவிலே அஸ்திவாரம் போட்டுக் கொண்டது.

இதற்குள் செப்டம்பர் மாதத்திலேயே மேயர், இந்த ஏற்பாடு நிரந்தரமாக, ஆண்டு முழுவதும் இருக்கும் என்று சொல்லியிருந்தார். ஆனால் அந்த நிரந்தரத்துக்குரிய சட்டம் எழுத வெகு காலம் பிடித்தது. இடைக் காலத்தில் பழைய தற்காலிக உத்தரவையே நீட்டி நீட்டிக் காலந்தள்ளினார்கள்.

மாடியில் குடியிருந்தவர்களுடைய நிலையை நினைத்துப் பாருங்கள். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே நள்ளிரவு வரையில் சிரிப்பும் சங்கீதமும். பலகைத் தளத்துக்கு அடியில் சிந்திய உணவைத் தேடி எலிகள். குப்பை வண்டி ஒதுங்க இடமில்லை. குறுகிய தெருக்களில் தீயணைப்பு வண்டி திரும்புவது எப்படி என்ற அச்சம். எட்டு அடி விடவேண்டிய நடைபாதையில் ஒரு நாற்காலி நகர்ந்து, பிறகு ஒரு விளம்பரப் பலகை நகர்ந்து, நாலு அடியாகி விடும். கண்ணில்லாதவர் கோலைத் தட்டிக்கொண்டு வருகிறார். நேற்று வெறும் இடமாக இருந்தது இன்று மேஜைக் காலாக இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர் தெருவில் இறங்கி, வண்டிகளுக்கு நடுவே போக வேண்டியிருக்கிறது. சாப்பிடுகிறவர் கண்ணுக்கு இவர்கள் யாரும் படுவதில்லை. மேஜையில் உள்ள மெழுகுவர்த்திதான் படுகிறது.

சில விடுதிகள் வியாபாரம் நொடித்து மூடிப் போயின. அவற்றின் கொட்டகைகள் மட்டும் தெருவிலே அநாதையாக நின்றன. 2022-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் புதிய மேயர் எரிக் ஆடம்ஸ் அவற்றை இடித்து அகற்றும் வேலையைத் துவக்கினார். அக்கம் பக்கத்தார் கோர்ட்டில் வழக்கும் தொடுத்தார்கள். விடுதிக்காரர் பக்கம் வயிற்றுப் பிழைப்பு. குடியிருப்பவர் பக்கம் இரவுத் தூக்கம். இரண்டும் நியாயமாக இருக்கும் வழக்கைத் தீர்ப்பதுதான் கஷ்டம்.

கடைசியில் 2023-ம் வருஷம் ஆகஸ்டு 16-ந் தேதி புதிய சட்டத்தில் மேயர் கையெழுத்திட்டார். அதன் சாரம் இது: நடைபாதையில் போடும் மேஜைகள் ஆண்டு முழுவதும் இருக்கலாம். தெருவோரத்தில் போடுவன ஏப்ரல் 1-ந் தேதி முதல் நவம்பர் 29-ந் தேதி வரையில்தான் இருக்கலாம். பிறகு எடுத்துவிட வேண்டும். நாலு பக்கமும் அடைத்த கொட்டகை கூடாது. எளிதில் கழற்றக் கூடியதாக இருக்க வேண்டும். லைசென்ஸுக்கு நாலு வருஷத்துக்கு 1,050 டாலர். நடைபாதை, தெருவோரம் இரண்டும் வேண்டுமானால் 2,100 டாலர். இதைத் தவிர, எடுத்துக் கொண்ட இடத்துக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று, வட்டாரத்துக்குத் தக்கபடி வாடகை. முன்பணம் வேறு. எந்தப் பகுதியில் கூடும், எந்தப் பகுதியில் கூடாது என்ற பழைய நில உபயோகத் தடையை மட்டும் 2022-லேயே நீக்கிவிட்டார்கள். அது நல்ல காரியம்.

என் நண்பரான கணித உபாத்தியாயருக்கு இந்தச் சட்டம் மெத்தத் திருப்தியளித்தது. "நவம்பரில் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டுமல்லவா? அதுதான் நான் கேட்டது" என்றார். காகிதத்தில் எழுதியபடி பார்த்தால் எனக்கும் அதில் பெரிய குறை தோன்றவில்லை. இடத்துக்கு வாடகை கேட்பது நியாயம்; காலம் வரையறுப்பது நியாயம்; கொட்டகையைத் திறந்து வைக்கச் சொல்வதும் நியாயமே. ஆனால் சட்டத்தின் குணத்தைச் சட்டப் புத்தகத்தில் மட்டும் பார்க்கக் கூடாது. மனுக் கொடுக்கிறவன் ஏறி இறங்கும் படிகளில் பார்க்க வேண்டும்.

மனு போக்குவரத்து இலாகாவுக்குப் போகிறது. வட்டார சபைக்குப் போகிறது. அந்தப் பகுதியின் நகர சபை அங்கத்தினருக்குப் போகிறது. பொது விசாரணை நடக்கிறது. ஒப்பந்தம் எழுதிக் கணக்கு அதிகாரியிடம் பதிவாகிறது. இந்தப் படிகளில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. அக்கம் பக்கத்தாரைக் கேளாமல் அனுமதி கொடுத்ததால் அல்லவா முன்னே தொல்லை வந்தது? ஆனால் ஒவ்வொரு படியும் தனித்தனியே நியாயமாக இருந்தும், எல்லாம் சேர்ந்து ஒரு மலையாகி விடலாம்.

பழைய ஏற்பாட்டில் இருந்தவர்கள் 2024-ம் வருஷம் ஆகஸ்டு 3-ந் தேதிக்குள் புதிய மனுக் கொடுக்க வேண்டும், இல்லையேல் கொட்டகையைப் பிரித்துவிட வேண்டும் என்று கெடு வைத்தார்கள். பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் நடத்திய காரியத்துக்கு அந்தக் கெடுவுக்குள் மனுக் கொடுத்தவர்கள் சுமார் மூவாயிரம் பேர். 2025-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி பருவம் துவங்கியபோது பூரண அனுமதி கையில் இருந்தவர்கள் மிகச் சொற்பம். மற்றவர்களில் பெரும்பாலோர் தாற்காலிகமான நிபந்தனை அனுமதியை வைத்துக் கொண்டு காரியத்தைத் துவக்க நேர்ந்தது. அந்த ஆண்டிலேயே, தெருவோர மேஜைகளை மறுபடி ஆண்டு முழுவதும் அனுமதிக்கலாம் என்ற யோசனையும் நகர சபையில் புறப்பட்டது.

மற்ற ஏழாயிரம் பேர் ஏன் மனுக் கொடுக்கவில்லை? சிலருக்கு வெளி மேஜை தேவையில்லாமற் போயிருக்கலாம். சிலர் கடையையே மூடியிருக்கலாம். ஆனால் காசுக் கணக்கும் இருக்கிறது. 1,050 டாலர் ஒரு பெரிய தொகையன்று. ஆனால் வரைபடம் எழுதுகிறவருக்குக் கூலி, கழற்றிப் பூட்டும் மேடைக்கு விலை, குளிர் காலத்தில் அதைக் கொண்டு போய் அடுக்கி வைக்கக் கிடங்கு வாடகை, மறு வருஷம் திரும்பப் பூட்டக் கூலி, இத்தனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரிய விடுதிக்கு வக்கீல் இருக்கிறார், மனு எழுதத் தனி ஆள் இருக்கிறார். தாயும் மகனுமாக நடத்தும் பத்து மேஜைக் கடையில் மனு எழுதுகிறவரும் மாவு பிசைகிறவரும் ஒருவரே. தாமதம் எல்லோருக்கும் ஒரே அளவுதான். ஆனால் தாமதத்தைத் தாங்கும் சக்தி எல்லோருக்கும் ஒரே அளவு அல்ல. கட்டணத்தைப் பாதியாகக் குறைப்பதைவிட, மனுவுக்கு இத்தனை நாளைக்குள் பதில் சொல்வோம் என்று உறுதி கொடுப்பது அந்தத் தாய்க்கும் மகனுக்கும் அதிக உபகாரம் செய்யும்.

பாரிஸ் நகரம் இதே சோதனையை வேறு விதமாகச் சமாளித்தது. வாசலில் உட்கார்ந்து காபி குடிப்பது அந்நகரத்தாருக்குப் பரம்பரை வழக்கம். 2020-ல் அங்கேயும் இலவசமாகத் தாற்காலிக அனுமதி கொடுத்தார்கள். ஆனால் ஒரு வருஷத்துக்குள்ளாகவே, 2021-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி முதல், நிலையான விதிகளை வகுத்துவிட்டார்கள். ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரையில்தான் கோடைக் கால மேஜைகள், இரவு பத்து மணிக்கு மூட வேண்டும், கூரையும் தார்ப்பாயும் கூடாது, கட்டணம் உண்டு, அனுமதிச் சீட்டைக் கடையின் கண்ணாடியில் ஒட்டி வைக்க வேண்டும். வெளியில் கணப்பு வைப்பது அந்த நாடு முழுவதுமே 2022-ம் வருஷம் மார்ச்சு கடைசி முதல் தடுக்கப்பட்டது. அங்கும் சச்சரவு ஓயவில்லை. இரவுச் சத்தத்தைப் பற்றிய புகார்கள் வந்து கொண்டுதானிருந்தன. ஆனால் கொட்டகை சுவராக முளைப்பதற்கு முன்பே விதி முளைத்துவிட்டது. சீட்டைக் கண்ணாடியில் ஒட்டச் சொன்னது எனக்கு விசேஷமாகப் பிடித்திருக்கிறது. நிலம் வழிப்போக்கருடையதாயிற்றே? அதைக் கொடுத்த பத்திரத்தை அவர் போகிற போக்கில் படித்துப் பார்க்க முடிய வேண்டாமா?

இனி, இந்தக் கதையில் யாரும் அதிகமாகப் பேசாத ஒரு பாத்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்தான் தள்ளுவண்டிக்காரர்.

நியூயார்க் தெருக்களில் வண்டி வைத்து உணவு விற்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மெக்ஸிகோ, எகிப்து, வங்காளம் என்று பல தேசங்களிலிருந்து வந்தவர்கள். இலங்கைத் தமிழர் ஒருவர் அந்நகரத்து வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் ஓரத்தில் வண்டி வைத்துத் தோசை வார்த்துப் பெயரும் புகழும் அடைந்தார் என்பதை நம்மவர்களிற் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். இந்த வண்டிக்காரர்களுக்கும் தெருவில் இடம் வேண்டும். அதற்கும் அனுமதிச் சீட்டு உண்டு. ஆனால் இத்தனை சீட்டுக்கு மேல் கொடுப்பதில்லை என்று 1983-ம் வருஷத்தில் ஓர் உச்ச வரம்பு கட்டினார்கள். நகரம் வளர்ந்தது, ஜனங்கள் பெருகினார்கள், வரம்பு மட்டும் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. காத்திருந்தவர்கள் வருஷக் கணக்காகக் காத்திருந்தார்கள். சர்க்காருக்கு இரண்டு வருஷத்துக்கு இருநூறு டாலர் கட்டிப் பெற்ற சீட்டை, அதை முன்பே வைத்திருந்தவர்கள் பல்லாயிரம் டாலருக்குத் திருட்டுத்தனமாகக் குத்தகைக்கு விட்டார்கள். வெயிலிலும் பனியிலும் நின்று விற்கிறவர் ஒருவர். வீட்டிலிருந்து கொண்டே குத்தகை வாங்குகிறவர் மற்றொருவர். 2021-ல்தான் வருஷத்துக்கு நானூறுக்குச் சற்று மேற்பட்ட புதுச் சீட்டுக்களைப் பத்து ஆண்டுகளுக்குக் கொடுப்பதென்று சட்டம் செய்தார்கள். அதையும் கொடுத்த வேகம் ஆமை வேகமாகவே இருந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கதவுள்ள கடைக்காரர் கேட்டபோது நகரம் நாலே நாளில் தெருவைத் திறந்து கொடுத்தது. அது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆபத்துக் காலத்தில் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் கதவில்லாதவர் நாற்பது வருஷமாக அதே தெருவைத்தான் கேட்டு நிற்கிறார். அவருடைய வண்டி சாயங்காலம் கிளம்பிப் போய்விடுகிறது. தெருவில் அஸ்திவாரம் போடுவதில்லை. நாலு நாளில் கொடுக்க முடியும் என்பதை நகரமே 2020-ல் நிரூபித்துக் காட்டிவிட்டது. ஆகவே இனிமேல் முடியாது என்று சொல்வதற்கில்லை. மனமில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அனுமதிச் சீட்டு என்றால் நம்மில் பலருக்குச் சலிப்பு. லஞ்சமும் அலைச்சலும் நினைவுக்கு வருகின்றன. "சீட்டே வேண்டாம், அவரவர் சாமர்த்தியம்" என்று விட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். நியூயார்க்கின் அநாதைக் கொட்டகைகள் அதற்குப் பதில் சொல்கின்றன. சீட்டு இல்லாத தெருவில் வலுத்தவர் நாற்காலி போடுவார். கோலைத் தட்டிக்கொண்டு வருகிறவர் இடறி விழுவார். அதற்காகச் சீட்டைப் பத்து மேஜைகளில் சுற்ற விட்டால், வலுத்தவர் மட்டுமே அதை வாங்குவார். தாயும் மகனும் வெளியே நிற்பார்கள். இரண்டு வழியிலும் ஆதாயம் வலுத்தவருக்கே. இதிலிருந்து தப்ப வேண்டுமானால், அடிக்கோலால் அளக்கக் கூடிய விதி, குறித்த நாளில் பதில், குறித்த நாளில் முடிவு, தெருவில் போகிற எவரும் படிக்கத்தக்க அறிவிப்பு, இந்த நாலும் வேண்டும். பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ஒரு நல்ல கிராமத்துக் கணக்குப் பிள்ளை செய்யக் கூடிய காரியம்.

திண்ணையில் ஆரம்பித்தேன், திண்ணைக்கே திரும்புகிறேன். நம் முன்னோர்களின் திண்ணையைப் புகழ்ந்து சொன்னேன். ஆனால் உண்மையை மறைக்கக் கூடாது. எல்லாத் திண்ணைகளிலும் எல்லோரும் உட்கார முடிந்ததில்லை. உழுது களைத்துத் தெருவோடு போனவர்களிற் பலர் அந்தத் திண்ணையை நிமிர்ந்து பார்க்கவும் தயங்கியதுண்டு. அந்தத் தெருவுக்குள்ளேயே வர முடியாதவர்களும் உண்டு. திண்ணையின் பெருமையை அதில் உட்கார்ந்தவர்களை மட்டும் கேட்டுத் தீர்மானித்தால் நாம் ஏமாந்து போவோம். நியூயார்க்கின் தெருவோர மேஜையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் நன்றாயிருக்கிறது என்றுதான் சொல்வார். சக்கர நாற்காலியில் அவ்வழியே போகிறவரையும், மூலையில் வண்டியோடு நிற்கிறவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சீட்டில் முத்திரை வைப்பது நல்லது.